கேத்தலில் படியும் கல் நாடியிலும் படியுமா?

உங்கட வீட்டுக் கேத்தலுக்குள்ள ஒருக்கா எட்டிப் பாருங்கோ. வாங்கி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, அடியில் வெள்ளையாய் ஒரு படை பிடித்திருக்கும். கரண்டியால் சுரண்டினால் செதில் செதிலாய்க் கழரும். தேசிக்காய் பிழிந்து விட்டால் நுரைத்துக்கொண்டு கரையும். வலிகாமத்தில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த எல்லாருக்கும் பழகிப்போன காட்சி.

அதைக் காட்டித்தான் அம்மம்மாமார் சொல்லுவினம்: "இதுதான் பிள்ளை எங்கட உடம்புக்குள்ளயும் நடக்குது. நாடியெல்லாம் கல்லுப் பிடிச்சு அடைச்சுப்போடும்." எங்கள் குழுவில் இந்தக் கதையைக் கேளாமல் வளர்ந்தவர் ஒருவருமில்லை. சொந்தத்தில் ஒருவராவது மாரடைப்பிலோ பாரிசவாதத்திலோ விழாத வீடும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பயம் வரத்தான் செய்யும். அந்தப் பயத்தில்தான் இப்ப வீட்டுக்கு வீடு பெரிய போத்தில்களில் ஆர்.ஓ. தண்ணி வந்து இறங்குது.

இந்தப் பயம் சரியா? கேத்தலில் படிகிற கல் நாடியிலும் படியுமா? தேடிப் படிக்கத் தொடங்கினோம். எங்களுக்கு முதலே உலகத்தில் பலர் இதே கேள்வியைக் கேட்டிருக்கினம். அவர்களில் சிலருக்குக் கிடைத்த பதில் எங்கட அம்மம்மாவின் பதிலுக்கு நேர் எதிர்.

சுண்ணக்கல்லுக்கு மேல் ஓர் ஊர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். எங்களுக்குத் தண்ணீர் தருவது நிலத்துக்குக் கீழே இருக்கும் மயோசின் காலச் சுண்ணக்கல். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை மெல்லிய செம்மண்ணைத் தாண்டி, கல்லின் வெடிப்புகளுக்குள்ளும் குகைகளுக்குள்ளும் இறங்கித் தேங்குகிறது. அடியில் கடலோடு தொடர்புள்ள உவர்நீர், அதற்கு மேலே மிதப்பது போல நன்னீர். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவரும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது இலேசான அமிலமாகிறது. அது கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைக்கும். கல்சியமும் மகனீசியமும் தண்ணீரோடு சேரும். நாங்கள் தண்ணீரைக் கொதிக்க வைக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேற, கரைந்திருந்த கல் திரும்பவும் கல்லாகிக் கேத்தலில் ஒட்டிக்கொள்ளும். குடிநீருக்கான இலங்கைத் தரத்தில் வன்மைக்கு லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். வலிகாமத்துக் கிணறுகள் கனக்க அதைத் தாண்டுபவை.

இந்தக் கல்லைத்தான் காங்கேசன்துறையில் வெட்டி, 1950 தொடக்கம் சீமெந்து ஆக்கினார்கள். 1990இல் போரோடு தொழிற்சாலை நின்றுபோனது. சீமெந்து செய்கிற கல்லைக் குடிக்கிறோம் என்றால் உள்ளே என்னவெல்லாம் இறுகிப்போகும் என்று ஊர் யோசித்ததில் பிழை சொல்ல ஏலாது.

நாகமும் செம்பும் எங்களுக்குப் புதுசில்லை

உலோகமும் கனியுப்பும் உடம்பை நடத்துகின்றன என்ற எண்ணம் எங்கட ஊருக்கு மேற்கிலிருந்து வந்ததில்லை. யாழ்ப்பாண அரசர் காலத்து வைத்திய நூல்களாக செகராசசேகரமும் பரராசசேகரமும் பேசப்படுகின்றன. அயச்செந்தூரம், நாகபற்பம், முத்துச்சிப்பிப் பற்பம் என்று சித்த வைத்தியத்தில் இரும்பும் நாகமும் சுண்ணமும் மருந்தாய்ப் புழங்கின. பள்ளிக்கூட இரசாயனப் புத்தகத்தில் நாங்கள் படித்த 'நாகம்' அங்கேயிருந்து வந்த சொல்தான். அதே மரபில் ஈயமும் பாதரசமும்கூட மருந்தாயின என்பதையும் மறைக்கத் தேவையில்லை. எது எவ்வளவு என்ற கேள்விக்கு அந்தக் காலத்தில் அளவுகோல் அனுபவம் மட்டும்தான்.

அளவுகோல் வேறு வழியால் வந்தது. அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த வருடம் மானிப்பாயில் வேலையைத் தொடங்கினார். பிறகு தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். உடற்கூறு, இரணவைத்தியம் என்று நூல்களைத் தமிழாக்கினார். 1875இல் 'கெமிஸ்தம்' வெளிவந்தது. அதாவது நூற்றைம்பது வருசத்துக்கு முதலே, கிணற்றுத் தண்ணீருக்குள் என்ன இருக்கு என்று கேட்பதற்கான இரசாயனத்தைத் தமிழில் படிக்க வழி இருந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தமனி, சிரை என்று படிக்க, நாங்கள் நாடி, நாளம் என்று படிக்கிறோம். இந்தச் சொற்களை வைத்துத்தான் இந்தக் கட்டுரையையும் எழுதுகிறோம்.

யப்பானிய ஆறுகளில் எழுந்த கேள்வி

1950களில் யப்பானில் ஜுன் கொபயாஷி என்ற விவசாய இரசாயனவியலாளர் நாட்டின் ஆறுகளின் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவருடைய நோக்கம் பயிருக்கான பாசனம். ஆனால் ஆற்று நீரின் தன்மையையும் பாரிசவாதச் சாவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அமிலத்தன்மை கூடிய நீர் ஓடும் பகுதிகளில் சாவு கூடுதலாய் இருந்தது. 1957இல் அதை வெளியிட்டார்.

அமெரிக்காவில் ஹென்றி ஷ்ரோடர் அதைப் பிடித்துக்கொண்டார். 1960இல் அவர் வெளியிட்ட கட்டுரை, வன்னீர் குடிக்கும் மாநிலங்களில் இருதய, குருதிக்குழாய் நோய்ச் சாவுகள் குறைவு என்று காட்டியது. அவர் வாழ்க்கையில் பெரும்பகுதியை, மிகச் சிறு அளவில் உடம்பில் இருக்கும் சுவட்டு மூலகங்களை ஆராய்வதிலேயே செலவழித்தார். அடுத்த வருடம், 1961இல், மொறிஸ், குறோஃபோட், ஹெடி என்ற மூவரும் இங்கிலாந்து, வேல்ஸ் நகரங்களிலும் அதே போக்கைக் கண்டார்கள். 1971இல் குறோஃபோட் குழு இன்னும் ஒரு படி போனது. தண்ணீரின் வன்மை இடையில் மாறிய நகரங்களை எடுத்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சாவுகளை ஒப்பிட்டது. மென்னீருக்கு மாறிய இடங்களில் நிலைமை மற்ற இடங்களைவிட மோசமாய்ப் போயிருந்தது.

கொஞ்சம் நின்று யோசியுங்கோ. வலிகாமத்தில் நாங்கள் கேத்தலைச் சுரண்டிக்கொண்டு பயந்த அதே காலத்தில், இலண்டனில் ஆராய்ச்சியாளர்கள் "கேத்தலில் கல் படியாத ஊர்களில்தான் நாடி கெடுகிறதோ" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இலங்கையிலும் இது பார்க்கப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியலாளர் சி. பி. திசாநாயக்கவும் கூட்டாளிகளும் 1982இல் கிணற்று நீரின் இரசாயனத்தையும் இருதய, குருதிக்குழாய் நோய்களையும் ஒப்பிட்டு எழுதினார்கள். இங்கேயும் வன்மை கூடும்போது நோய் குறையும் போக்கே தெரிந்தது.

அப்ப முடிஞ்சுதா கதை? இல்லை.

சராசரிக்குள் ஒளிந்திருப்பது

இந்த ஆய்வுகள் எல்லாம் ஊரையோ மாவட்டத்தையோ மொத்தமாய் எடுத்து ஒப்பிட்டவை. ஒரு ஊரில் தண்ணீர் எப்படி, அந்த ஊரில் எத்தனை சாவு என்று பார்த்தால், யார் எந்தத் தண்ணீரைக் குடித்தார் என்பது தெரியாது. வறுமை, குளிர், புகைத்தல், சாப்பாடு எல்லாம் ஊருக்கு ஊர் மாறும்.

இதை விளங்கிக்கொள்ள நாங்கள் தூரத்துக்குப் போகத் தேவையில்லை. 'யாழ்ப்பாணத் தண்ணீர்' என்று ஒரே தண்ணீர் எப்போதாவது இருந்ததா? ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்கு நல்லதண்ணிக் கிணறுகளில் தொட்டு அள்ள விடாத ஊர் இது. கிணற்றடியில் குடத்தோடு நின்று, யாராவது வந்து ஊற்றும் வரை காத்திருந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கு. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. வந்த பிறகும் கனகாலம் கிணறு கிணறாய்ப் போராட வேண்டியிருந்தது. தீவகத்தில் உவர்த்தண்ணியோடு சீவித்தவர்களும், நல்ல தண்ணீருக்காகக் கட்டை தூரம் நடந்தவர்களும், வளவுக்குள்ளேயே நன்னீர்க் கிணறு வைத்திருந்தவர்களும் புள்ளிவிவரத்தில் ஒரே மாவட்டம்தான். சராசரியைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படிக்கவேணும்.

ஆகவே ஆய்வாளர்கள் ஆள் ஆளாய்ப் பின்தொடரத் தொடங்கினார்கள். பிரித்தானியாவில் 24 நகரங்களில் நடுத்தர வயது ஆண்களைப் பல வருடங்கள் தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு, 2008இல் வன்னீர் இருதயத்தைக் காப்பதாகத் தெரியவில்லை என்று முடித்தது. அதே வருடம் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு குழு, கல்சியத்துக்குத் தெளிவான பயன் இல்லை, ஆனால் குடிநீரில் மகனீசியம் கூடும்போது இருதய நோய்ச் சாவு குறையும் போக்கு இருக்கு என்றது. உலக சுகாதார நிறுவனம் 2006இல் இதற்கென்றே நிபுணர்களைக் கூட்டியது. 2009இல் ஒரு நூலும் வெளியிட்டது. ஆனாலும், வன்மைக்கு இவ்வளவு இருக்கவேணும் என்று சுகாதார எல்லை போடுமளவுக்குச் சான்று போதாது என்பதே அதன் நிலைப்பாடு.

சுருக்கமாய்ச் சொன்னால், வன்னீர் நாடியைக் காக்கும் என்று அடித்துச் சொல்ல ஏலாது. வன்னீர் நாடியை அடைக்கும் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. வாதம் முழுக்க, அது நல்லதா அல்லது ஒன்றுமில்லையா என்பதில்தான். கெட்டதா என்பதில் இல்லை.

நாடிக்குள் இருப்பது என்ன

நாடி தடிக்கும் நோய்க்கு இன்று வழங்கும் 'அத்தெரோஸ்கிளிரோசிஸ்' என்ற பெயரை 1904இல் பீலிக்ஸ் மார்ச்சண்ட் என்ற ஜேர்மன் வைத்தியர் வைத்தார். அதன் முற்பகுதி ஒரு கிரேக்கச் சொல். அர்த்தம் என்ன தெரியுமா? கூழ்! நோயுற்ற நாடியை வெட்டிப் பார்த்தபோது, சுவருக்குள் கூழ் மாதிரிக் கொழுப்புத் தேங்கி நின்றது. 1913இல் ரஷ்யாவில் நிக்கொலாய் அனிச்கொவ் முயல்களுக்குக் கொலஸ்திரோல் ஊட்டி அதே மாதிரிப் படிவை உண்டாக்கிக் காட்டினார்.

ஆக, தொடக்கம் கல்லில் இல்லை. நாடியின் உட்சுவர் பிறசராலும் புகையாலும் சீனியாலும் காயப்படுகிறது. அந்த இடத்தில் கொழுப்பு உள்ளே போய்த் தேங்குகிறது. அழற்சி உண்டாகிறது. கல்சியம் பிறகுதான் வருகிறது. அதுவும் குடித்த தண்ணீரிலிருந்து நேரே வந்து ஒட்டுவதில்லை. நாடிச் சுவரின் தசைக் கலங்களே எலும்புக் கலம் போல நடக்கத் தொடங்கி, இரத்தத்தில் எப்போதும் இருக்கும் கல்சியத்தை இழுத்துக்கொள்கின்றன. நீங்கள் எவ்வளவு வன்னீர் குடித்தாலும் இரத்தத்தில் கல்சியம் ஒரு குறுகிய எல்லைக்குள்தான் நிற்கும். கழுத்தில் தைரொயிட் சுரப்பிக்குப் பின்னால் இருக்கும் நான்கு குட்டிச் சுரப்பிகளும் சிறுநீரகமும் அதைக் காவல் காக்கின்றன. கேத்தலுக்கு அப்படி ஒரு காவல் இல்லை.

அப்படியென்றால் கனியுப்புகள் நாடிக்கு என்ன செய்கின்றன? இதில் வரலாறு சுவாரசியமானது.

முதலில் செம்பு. 1961இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், ஒன்று பன்றிகளிலும் மற்றது கோழிக்குஞ்சுகளிலும், உணவிலிருந்து செம்பை எடுத்துவிட்டுப் பார்த்தன. விலங்குகளின் பெருநாடி வெடித்தது. பிறகுதான் காரணம் விளங்கியது. நாடிச் சுவர் இறப்பர் மாதிரி விரிந்து சுருங்க வேண்டுமென்றால், அதிலுள்ள நார்கள் ஒன்றோடொன்று பின்னப்பட்டிருக்கவேணும். அந்தப் பின்னலைப் போடும் நொதியத்துக்குச் செம்பு தேவை. ஒரு வளர்ந்த ஆளின் முழு உடம்பிலும் இருக்கும் செம்பு ஏறத்தாழ 100 மில்லிகிராம்தான். ஒரு நாளைக்குத் தேவை ஒரு மில்லிகிராமும் வராது. அவ்வளவும் இல்லாவிட்டால் சுவர் நிக்காது.

1969இல் செம்பும் நாகமும் சேர்ந்த இன்னொரு நொதியத்தின் வேலை தெரியவந்தது. ஒட்சிசனிலிருந்து பிறக்கும், கலங்களைத் தாக்கும் மூர்க்கமான பொருள்களை அது அடக்குகிறது. கலத்துக்குள் சக்தி உண்டாகும் இடத்தில் இதே வேலையை மங்கனீசு கொண்ட நொதியம் செய்கிறது. 1973இல் செலனியமும் இந்தக் காவலாளிகளின் பட்டியலில் சேர்ந்தது. சீனாவின் கேஷான் பகுதியில் மண்ணில் செலனியம் இல்லாததால் பிள்ளைகளும் இளம் தாய்மாரும் இருதயத் தசை நோயில் செத்ததும், 1970களில் செலனியம் கொடுத்து அதைக் குறைத்ததும் உலகறிந்த கதை.

மகனீசியத்தைச் சுவட்டு மூலகம் என்று சொல்ல ஏலாது. ஒரு நாளைக்கு 300 தொடக்கம் 400 மில்லிகிராம் வேணும். ஆனால் கல்சியம் தசையை இறுக்க, மகனீசியம் அதைத் தளர்த்தும். நாடிச் சுவரின் தசையும் அப்படித்தான். கல்சியம் தவறான இடத்தில் பளிங்காகிப் படிவதையும் மகனீசியம் தடுக்கிறது என்று ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். அம்மம்மா பயந்த கல்லோடேயே, கல்லைத் தடுக்கக்கூடிய ஒன்றும் கரைந்து வருகிறது.

கேத்தலில் தெரியாத சாமான்

இதை வாசித்துவிட்டு "அப்ப எங்கட கிணத்துத் தண்ணி அமுதம்" என்று ஆரும் முடிவெடுக்க வேண்டாம். எங்கட தண்ணீரில் பயப்பட வேண்டியவை இருக்கு. அவை கேத்தலில் படிவதில்லை.

ஒன்று, உப்பு. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் மோட்டர் போட்டு இறைக்க இறைக்க, மேலே மிதக்கும் நன்னீர் மெலிந்து கீழிருக்கும் உவர் மேலே ஏறுகிறது. சோடியம் கூடினால் பிறசர் கூடும். பிறசர் கூடினால் நாடியின் உட்சுவர் காயப்படும். நாடியைப் பற்றிக் கவலைப்படுகிற ஒருவர் தன் கிணற்றில் முதலில் பார்க்கவேண்டிய கனியுப்பு இதுதான், சுண்ணாம்பு இல்லை. சில இடங்களில் வன்மையை எடுப்பதற்கென்று பூட்டும் கருவிகள் கல்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுப்பவை. கேத்தல் பளபளக்கும். நாடிக்கு அது இலாபமில்லை.

இரண்டு, நைத்திரேற்று. மெல்லிய மண், வெடித்த கல், அதற்கு மேல் யூரியா, பக்கத்தில் மலக்குழி. எல்லாம் கிணற்றுக்குத்தான் இறங்கும். 1980களிலேயே எங்கட கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மீறியிருப்பதை ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்கு இது நேரடி ஆபத்து. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும்.

மூன்று, நாங்களே ஊற்றியவை. சுன்னாகத்தைச் சுற்றிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததும், 2014, 2015இல் ஊர் கொதித்தெழுந்ததும், 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்னதும் எங்கட தலைமுறை கண்ணால் கண்டவை.

போர்க்காலத்தில் எவ்வளவோ தடைப்பட்டது. கிணறு மட்டும் தடைப்படவில்லை. முகாமிலிருந்தும் இடம்பெயர்ந்தும் திரும்பி வந்தவர்கள் முதலில் செய்தது கிணற்றை இறைத்தது. அப்படிக் காப்பாற்றிய கிணற்றை, கேத்தலில் படிந்த வெள்ளைக்காக நாங்கள் கைவிடப் பார்க்கிறோம். உண்மையான காரணத்துக்காகக் கைவிட வேண்டி வந்தால் அது வேறு. பிழையான காரணத்துக்காகக் கைவிட்டால், உண்மையான காரணத்தை யாரும் திருத்தப்போவதில்லை. யூரியா போடுவது நிற்காது, இறைப்பு குறையாது, மலக்குழியை யாரும் தள்ளி வைக்கப்போவதில்லை.

வெறுமையாக்கிய தண்ணீர்

ஆர்.ஓ. கருவி தண்ணீரை மிக நுண்ணிய சவ்வினூடாகத் தள்ளி, கரைந்தவற்றில் பெரும்பகுதியை வடித்துவிடும். நைத்திரேற்றும் உப்பும் போகும். கல்சியமும் மகனீசியமும்கூடப் போகும். உங்கட கிணற்றில் முதல் இரண்டும் எல்லை மீறியிருந்தால் ஆர்.ஓ. தண்ணி நல்ல முடிவு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சோதிக்காமல், கேத்தலைப் பார்த்து மட்டும் மாறினால், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரியாமல் விட்டுக்கொடுக்கிறோம்.

இது இனி வீட்டுக் கேள்வி மட்டுமில்லை. 2024 ஆகஸ்டில் வடமராட்சி கிழக்கில் தலையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தண்ணீர் தரக்கூடியது. இரணைமடுவிலிருந்து கொண்டுவருவதா என்று பல வருடம் இழுபட்ட வாதத்துக்குப் பிறகு வந்த நிலையம். நல்லதண்ணிக்குக் குடத்தோடு காத்திருந்த ஊர்களுக்குக் குழாயில் தண்ணீர் வருவது பெரிய விசயம். அதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் இஸ்ரேலின் அனுபவத்தையும் பார்க்கவேணும். 2005இல் அஷ்கெலோனில் பெரிய நிலையம் தொடங்கியதிலிருந்து அங்கே நாட்டின் பெரும்பகுதி கடலிலிருந்து வந்த நீரைக் குடிக்கிறது. இப்படியான நீரில் பொதுவாய்ச் சுண்ணாம்பு சேர்த்துக் கல்சியத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். அந்த வழியால் மகனீசியம் வராது. நன்னீராக்கிய கடல்நீர் குடித்த பகுதிகளில் இருதய நாடி நோய் சற்றுக் கூடியதாக அங்குள்ள ஆய்வாளர்கள் எழுதினார்கள். மகனீசியம் சேர்க்கவேணும் என்று வைத்தியர்கள் கேட்டார்கள், செலவு யார் தலையில் என்று வாதம் நடந்தது. அந்த ஆய்வும் ஊரை ஊரோடு ஒப்பிட்ட ஆய்வுதான், காரணத்தை நிரூபிக்காது. என்றாலும் எங்கட குழாயில் வரும் தண்ணீரில் மகனீசியம் எவ்வளவு என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கு. அந்தக் கணக்கை மாதாமாதம் பொதுவில் போடச் சொல்லுவோம்.

கூழ்ப் பானை

கடைசியாய் ஒரு கணக்கு. லீற்றருக்கு 30 மில்லிகிராம் மகனீசியம் உள்ள தண்ணீரை ஒரு நாளைக்கு இரண்டு லீற்றர் குடித்தால் கிடைப்பது 60 மில்லிகிராம். தேவையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் வராது. மிச்சம் எல்லாம் கோப்பையிலிருந்துதான் வரவேணும். செம்பு, நாகம், செலனியம் எல்லாம் பெரும்பாலும் அப்படித்தான்.

எங்கட கோப்பை எப்படி மாறினது என்று பாருங்கோ. குத்தரிசியும் குரக்கனும் ஒடியலும் இருந்த இடத்தில், தீட்டிய வெள்ளை அரிசியும் கோதுமை மாவும் பாணும் வந்து குந்தியிருக்கு. தானியத்தின் தவிட்டோடும் முளையோடும்தான் மகனீசியமும் நாகமும் செம்பும் போகின்றன. தண்ணீரிலிருந்து வடிக்கிறோம், அரிசியிலிருந்தும் தீட்டுகிறோம். இரண்டு பக்கமும் வெறுமையாக்கிவிட்டுக் குளிசைக் கடைக்குப் போகிறோம்.

குளிசை பதில் இல்லை என்பதும் சோதித்துப் பார்க்கப்பட்ட விசயம். அமெரிக்காவில் 2001இல் தொடங்கி 35,000க்கு மேற்பட்ட ஆண்களைச் சேர்த்த பெரிய சோதனையில், செலனியக் குளிசை இருதய நோயைக் குறைக்கவில்லை. அதற்கு முந்திய இன்னொரு சோதனையில் செலனியம் எடுத்தவர்களுக்கு நீரிழிவு கூடுதலாய் வந்ததை 2007இல் கண்டார்கள். சலரோகம் இல்லாத வீடு அருமை என்றாகிவிட்ட எங்கட ஊரில் இது சின்ன எச்சரிக்கை இல்லை. சுவட்டு மூலகங்களின் குணம் அது. இல்லாவிட்டாலும் கேடு, கூடினாலும் கேடு.

ஆனால் ஒடியல் கூழை எடுத்துப் பாருங்கோ. நண்டு, இறால், கணவாய் போடுகிறோம். இந்த மூன்றின் இரத்தத்திலும் ஒட்சிசனைக் காவுவது இரும்பு இல்லை, செம்பு. அதனால்தான் அவற்றின் இரத்தம் நீலம். மீனில் செலனியம். பயற்றங்காய், பலாக்கொட்டை, கீரை என்று மகனீசியத்துக்கும் குறைவில்லை. ஆராய்ச்சி செய்து போட்ட சேர்மானம் இல்லை, கடற்கரையிலும் வளவிலும் கிடைத்ததை ஒரே பானையில் போட்ட சனத்தின் சமையல். உப்பை மட்டும் அளவாய்ப் போட்டால் சரி.

எங்கள் குழுவின் முடிவு மூன்றுதான். கேத்தலில் படிகிறது நாடியில் படியாது, அந்தப் பயத்தை இன்றோடு விடுவோம். கிணற்று நீரை வருடத்துக்கு ஒருக்காவது சோதிக்கக் கொடுப்போம், உப்பும் நைத்திரேற்றும் எவ்வளவு என்று கேட்போம். அதன் பிறகு எந்தத் தண்ணீர் என்று முடிவெடுப்போம்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்த பின்னேரம் எங்களில் ஒருவரின் அம்மம்மாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டினோம். பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, கேத்தலை ஆர் கழுவுறது?" என்றா. தேசிக்காய் வாங்கி வைத்திருக்கிறோம்.